ஏழாவது ஆள்

குளிர்காலத்தில் விசிலை வாயில் வைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருக்க வேண்டும். என்னுடையது பழைய பித்தளை விசில். சில்லிட்டுப் போன பித்தளையை அப்படியே வாயில் வைத்தால் உதட்டுத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புதிதாக ரெஃபரி வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கட்டிலிலேயே உட்காரலாம், தப்பில்லை. இந்த அறைக்கு ஆள் வந்து நெடுநாளாகிறது. நீங்கள் டாக்டர், லீக் சங்கம் அனுப்பி வந்திருக்கிறீர்கள். போன குளிர்காலத்தில் நான் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஒரு தடவை விசாரித்து மூடிய விஷயத்தை மறுபடி திறந்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், ஆனால் என் போக்கில் சொல்ல விடுங்கள். பேச வாய்ப்புக் கிடைப்பது எனக்கு அபூர்வம்.

வார நாட்களில் எனக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸ் தேய்ப்பது. கடைக்கு வரும் மனிதர்கள் முன்பக்கத்தோடு போய்விடுவார்கள். அவர்களுடைய பவர் எழுதிய சீட்டு மட்டும்தான் என்னிடம் வரும். மெஷின் ஓடும்போது பேசினால் கேட்காது. ஓடாதபோது பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை மைதானத்தில், “யோவ் ரெஃப், கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுய்யா” என்று கத்துகிறவர்களில் சில பேருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவனே நான்தான். இதை அவர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ரெஃபரி ஜோக் அடிக்கக்கூடாது, மரியாதை போய்விடும்.

நான் கால்பந்து ஆடியவன் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஒரு மைதானத்தில் இத்தனை பேர் நடுவில் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி ரெஃபரி ஆவதுதான். விசில் அடித்தால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். திட்டுவதற்காகப் பார்த்தாலும் பார்ப்பது பார்ப்பதுதானே. வாரம் முழுக்க எந்த முகமும் என் பக்கம் திரும்பாதவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாமல் போகலாம்.

உடை மாற்ற ரெஃபரிக்குத் தனி அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. கோடு போடும் சுண்ணாம்புத் தூள் மூட்டைகளும் மூலைக்கொடிகளும் போட்டு வைக்கிற இடம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அணி, எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அணி. இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆட்டம் முடிந்தபின் யாராவது ஒரு கப் டீயைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். கதவைத் திறந்தால் டீ இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ரெஃபரியோடு நின்று பேசினால் மற்ற அணிக்காரன் சந்தேகப்படுவான் என்று பயம். நியாயமான பயம்தான், குறை சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்தைச் சமாளித்துவிடலாம். குளிர்காலம்தான் ரெஃபரியைக் கொல்லும். நிலம் உறைந்துவிட்டால் ஆட்டம் ரத்து. உறைந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் ரெஃபரி. அதற்கு மெஷின் ஒன்றும் கிடையாது. மைதானத்தைச் சுற்றி நடந்து ஆங்காங்கே குதிகாலை ஊன்றிப் பார்ப்போம். இறங்கினால் ஆடலாம், இறங்காவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நான் ஒழுங்கானவன். அந்த வருடம் பனி முன்னதாகவே வந்துவிட்டது. தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை நானே ரத்து செய்தேன். அவர்கள் கார்களில் ஏறி, அடுத்து எங்கே போய் உட்காரலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் இங்கே வந்தேன். இரண்டாவது தடவை, ரத்து என்று சொல்லிவிட்டு மூடிய வாயைத் திங்கள் காலையில்தான் திறந்தேன். முதலாளி ஏதோ கேட்டார். பதில் சொல்லப் போனால் குரல் வரவில்லை. “என்னய்யா, சளியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாவது சனிக்கிழமை குதிகால் பாதி இறங்கியது. பாதி என்றால் அது ரெஃபரியின் இஷ்டம். ஆடலாம் என்றேன்.

ஒரு அணி முழுசாக வந்திருந்தது. இன்னொரு அணியில் ஆறு பேர். கேப்டன் ஒரு பிளம்பர், நல்ல மனிதர். என் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“சார், ஆறு பேர்தான் தேறினோம். மத்தவனுங்க எல்லாம் ஜுரத்துல சுருண்டு கிடக்கானுங்க. இன்னைக்கு விட்டுடலாமா?”

“ஏழு பேர் இருந்தா ஆடலாம். அதுதான் சட்டம்.”

“ஏழாவது ஆளுக்கு நான் எங்க சார் போவேன்?”

“கொஞ்சம் பாப்போம். இருங்க.”

அப்போதுதான் அவர் வந்தார். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். எல்லோரும் ரொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், இவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தார். புருவத்தில் இன்னும் மாவு இருந்தது. “மன்னிச்சுக்கோங்க சார், சூட்டோட சூடா வந்துட்டேன்” என்றார். அவரைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஆட்டம் பிழைத்தது, என் சனிக்கிழமையும் பிழைத்தது.

ஏழு பேர் பதினோரு பேரோடு ஆடினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோல்கள் விழுந்துகொண்டே இருந்தன. முதல் பாதி முடியும் சமயம் ஒரு கார்னர் வந்தது. ரொட்டிக்காரரும் எதிரணியின் நெட்டை ஆள் ஒருவரும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். நெட்டை ஆள் காலில் இறங்கினார், ரொட்டிக்காரர் பின்னந்தலையில் இறங்கினார். அந்த இடம் சுவரின் நிழலில் இருந்தது, வெயில் படாத இடம். அங்கே என் குதிகால் பாதிகூட இறங்கவில்லை. இதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

எங்கள் மாதிரி ஆட்டங்களுக்கு டாக்டர் கிடையாது. தலையில் அடிபட்டால் ரெஃபரி சில கேள்விகள் கேட்க வேண்டும்: இது எந்த மைதானம், யாரோடு ஆடுகிறாய், கடைசி கோல் யார் போட்டது. பதில் சரியாக இல்லாவிட்டால் ஆளை வெளியே அனுப்பி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும். நான் கேள்வி கேட்கும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும், அது என் ஏற்பாடு. கூட்டம் கூடினால் யாராவது பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கை காட்டினேன், எல்லோரும் விலகி நின்றார்கள். நான் அவர் பக்கத்தில் முழங்காலிட்டுக் கேட்டேன். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார் என்று என் அறிக்கையில் இருக்கிறது. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்: சார் கேட்டாரு, அவன் சொன்னான், எழுந்து நின்னான். சங்கத்தில் என்னைப் பாராட்டினார்கள். எல்லா ரெஃபரிகளும் இவரைப் போலப் பொறுமையாகக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று தலைவரே சொன்னார்.

இப்போது நீங்கள் ஒரு வீடியோ கொண்டுவந்திருக்கிறீர்கள். நெட்டை ஆளின் மனைவி கோட்டுக்கு வெளியே நின்று போனில் எடுத்ததாம். அதில் இரண்டாம் பாதியில், பந்து வெளியே போகும்போதெல்லாம், நான் ரொட்டிக்காரரிடம் போய் ஏதோ பேசுகிறேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு திரும்புகிறேன். நான் சிரித்து இதில்தான் பார்த்தேன், பல் இவ்வளவு கோணலாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்கிறீர்கள். சரி.

விழுந்து கிடந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “இது எந்த கிரவுண்டு?”

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் முகமே மலர்ந்துவிட்டது.

“அண்ணே, எப்ப வந்தீங்க?”

இரண்டாவது கேள்வியையும் கேட்டேன். நான் கடமையில் குறை வைப்பவன் இல்லை. “இன்னைக்கு யாரோட ஆடுறீங்க?”

“ஏன்ணே வாசல்லயே நிக்கிறீங்க, உள்ள வாங்க. சாப்டீங்களா?”

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. “இல்ல தம்பி, இனிமேதான்” என்றேன்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார், இவரை வளர்த்தவர், இறந்து பல காலம் ஆயிற்று என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மனிதன் என்னைப் பார்த்ததில் சந்தோஷப்படுகிறான், அவ்வளவுதான். என்னை யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கண் கலங்கிவிட்டது. குளிர்காற்று என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

எழுந்து கேப்டனிடம், “நல்லா இருக்காரு. ஒண்ணும் இல்ல” என்றேன்.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அவரை வெளியே அனுப்பினால் ஆறு பேர். ஆறு பேர் என்றால் அதோடு ஆட்டம் முடிந்தது. எல்லோரும் அவரவர் வழியைப் பார்த்துப் போவார்கள். குளிரில் இத்தனை தூரம் வந்தவர்களுக்குப் பாதி ஆட்டமாவது கிடைக்க வேண்டாமா. அவரும் எழுந்து நின்றார், நடந்தார், பந்து வந்தால் உதைத்தார். வெளியே போகிறேன் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அப்போது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

இடைவேளையில் அவர் சுவரோரம் வாந்தி எடுத்ததாகக் கேப்டன் வந்து சொன்னார்.

“சார், அவன் ஒரு மாதிரியா இருக்கான். பேச்சே குழறுது. உக்கார வெச்சிடட்டுமா?”

“குளிர்ல ஓடினா அப்படித்தான். நான்தான் பாத்தேனே, நீங்க கவலைப்படாதீங்க.”

“நீங்க சொன்னா சரி சார்” என்றார். அந்த மனிதர் இப்போது பந்து ஆடுவதில்லையாம். ஏழாவது ஆளுக்காகக் காத்திருந்தது தன் தப்பு என்று தன்னையே நொந்துகொள்கிறாராம். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வேண்டுமானால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் பாதியில் நான் ரொட்டிக்காரர் பக்கமே ஓடிக்கொண்டிருந்தேன். பந்து வெளியே போனால் போதும், பக்கத்தில் போய் நிற்பேன். எப்படி இருக்கிறார் என்று பார்க்க என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். ஒரு கண்மணி பெரிதாகிக்கொண்டே போனது. கண் விஷயம் எனக்குத் தெரியாததல்ல. இடது கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல முகம் மலரும். “அண்ணே, வந்துட்டீங்களா.” ஒரு தடவை, “இளைச்சுட்டீங்கண்ணே” என்றார். இன்னொரு தடவை, “பாப்பா பொறந்திருக்கா, பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன் தம்பி, உன்னை மாதிரியே இருக்கிறாள் என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. நான் அவருக்குக் கொடுத்ததையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். செத்துப்போன அண்ணன் திரும்பி வந்து பக்கத்தில் நின்று பேசுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

ஆட்டத்தின் கடைசியில் அவர் விழுந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கூடப் போனவன் நான்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. யார் நீங்கள் என்று நர்ஸ் கேட்டபோது, அண்ணன் என்றேன். உள்ளே விட்டார்கள். மறுநாள் உயிர் போயிற்று. அடிபட்டவுடன் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே இருந்த டாக்டர் என்னிடம் சொன்னார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். சரியாகத்தான் இருக்கும்.

ரொட்டிக்காரரின் மனைவி துணி தைத்து விற்பவர். சில நாட்கள் கழித்து என்னைத் தேடிக் கடைக்கே வந்தார். நான் பயந்துதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் அவரு பக்கத்துல போய் எப்படி இருக்கேன்னு கேட்டீங்களாம். கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாம்” என்றார். என்ன பேசினார் என்று கேட்டார். ஆட்டத்துக்கு முன்னாடியே என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார் என்று சொன்னேன். அதில் ‘முன்னாடியே’ என்ற ஒரு வார்த்தை பொய். “அவருக்கு அண்ணன்னா உயிரு” என்று சொல்லி மறுபடி அழுதார். சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றார்.

போனேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போனேன். இப்போது எனக்கு அங்கே ஒரு தட்டு இருக்கிறது, சுவரோரம் ஒரு இடம் இருக்கிறது. ஒழுகுகிற குழாயை மாற்றிக் கொடுத்தேன். தையல் மெஷின் பக்கத்தில் விளக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கண்ணுக்குத் தக்கபடி கண்ணாடியும் நானே தேய்த்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. “பெரியப்பான்னு கூப்பிடு” என்று அவள் அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். கதவைத் திறந்ததும் பெரியப்பா வந்தாச்சு என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். எனக்கு இந்த உலகத்தில் இழப்பதற்கு ஒன்று இருக்கிறதென்றால் அந்தச் சத்தம்தான். ரெஃபரி வேலையை விட்டுவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் ஆட்டங்கள் வரிசையாக ரத்தாகின்றனவாம், பேப்பரில் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன வாரம் அந்தப் பெண் கேட்டாள். “பெரியப்பா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?”

குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார் என்றேன். அவள் அம்மாவின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

வீடியோவில் நேரமும் ஓடுகிறது. அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள், கவனித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ரொட்டிக்காரர் விழுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். எப்போது முடிப்பது என்பதும் ரெஃபரியின் கையில். அடிபட்ட நேரம், பந்து தேடிய நேரம் என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்க்க வேண்டியதையெல்லாம் சேர்த்து அதற்கு மேலும் போய்விட்டது. ஜெயித்துக்கொண்டிருந்த அணியின் கேப்டனே, “போதும் சார், முடிச்சிடுங்க, வெரைச்சுப் போச்சு” என்று கெஞ்சினார். நான் வாட்சைக் காட்டிக் கையை ஆட்டினேன். விசில் அடித்தால் ரொட்டிக்காரர் தன் ஆட்களோடு அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். நான் என் அறைக்குப் போவேன். அதனால் அடிக்கவில்லை. பந்து வெளியே போனதும் கடைசியாக ஒரு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, குளிருது. வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

“இன்னும் கொஞ்ச நேரம் தம்பி” என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளையாக வளர்ந்தவர் போலிருக்கிறது. பந்து உள்ளே வந்தது, அதன் பின்னால் ஓடினார், நான்கைந்து எட்டில் விழுந்தார்.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். சங்கத்தில் சொல்லுங்கள், போலீஸில் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வீட்டில் மட்டும் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவர்கள் ஏற்கனவே ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். இன்னொருவரையும் அவர்களிடமிருந்து பறிப்பதற்கு எப்படி ஒரு மனிதனுக்கு மனசு வரும்.